பேய்க்குக் கண் எழுதியவர்

"ஜெரார்ட். ஆண். தமிழர், கத்தோலிக்கர். விளம்பரச் சித்திர நிபுணர். திகில் படங்கள் வரைவதில் தேர்ந்தவர். பொதுமக்கள் மனத்தில் அச்சத்தை உண்டாக்கும் ஆற்றல் உடையவர். படக்கொட்டகைப் பணிக்கு இன்றியமையாதவர் என்பதால் சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து இவருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது."

இப்படி ஒரு சூராட், அதாவது அத்தாட்சிக் காகிதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு மலாயாவின் கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் ஜெரார்டின் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது. வாங்கிக் கொடுத்தவர் படக்கொட்டகை மானேஜர் தர்மலிங்கம். நகல் ஒன்றைத் தன் பெட்டியிலும் வைத்துக்கொண்டார். அடியில் இருந்த சிவப்பு முத்திரை ஜப்பானியப் பிரசார அலுவலகத்தினுடையது. பெயரும் மதமும் முத்திரையும் உண்மை. மற்றதெல்லாம் தர்மலிங்கத்தின் கைவண்ணம்.

பொதுமக்கள் மனத்தில் அச்சத்தை உண்டாக்க வேண்டிய ஜெரார்ட், பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வெளியே மெர்கோங்கில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விடுவார். வயல் நடுவே போகும் அந்தப் பாதையில் ஒரு பழைய இடுகாடு இருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தான். ஊரே எப்போது எழுவது எப்போது உண்பது என்று திணறியது. ஜெரார்டுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. அவருடைய கடிகாரம் சூரியன். அது இறங்கத் தொடங்கினால் அவர் நடக்கத் தொடங்குவார், கையில் செபமாலையோடு.

இதில் வேடிக்கை, அவருடைய உண்மையான தொழில் பிணங்களோடு. ஊரில் அவருக்கு ஒரு போட்டோக் கடை இருந்தது. அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள யாருக்கு நேரம்? ஒருவர் செத்த பிறகுதான் அவருக்குப் படமே இல்லை என்பது வீட்டுக்காரர்களுக்கு நினைவு வரும். கடைக்கு ஆள் ஓடிவரும். ஜெரார்ட் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரப்பர்த் தோட்டத்துக்குப் போவார். இறந்தவரைக் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருப்பார்கள். சுற்றிக் குடும்பம் நிற்கும். படம் எடுத்து, தாளில் போட்டு, மூடியிருக்கும் இமைமேல் மெல்லிய தூரிகையால் கண் எழுதிக் கொடுப்பார். சுவரில் மாட்டினால் ஆள் உயிரோடு பார்ப்பதுபோல இருக்கும். அதற்குத்தான் அவருக்குப் பேர்.

"பொணத்துக்குப் பயமில்ல, பேய்க்கு மட்டும் என்னா பயம்?" என்று அவருடைய மனைவி அகத்தா கேட்பாள்.

"பொணம் எங்க போவப்போவுது? விட்ட எடத்துலயே இருக்கும். பேய் அப்படியா?"

கண் எழுதுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. கண் பெரிதா சிறிதா என்று வீட்டுக்காரர்களிடம் கேட்கமாட்டார். "எப்படிப் பாப்பாங்க?" என்று மட்டும் கேட்பார். மூடா ஆற்றுப் பக்கம், பாலத்துத் தோட்டம் என்று நம் ஆட்கள் சொல்லும் ஒரு தோட்டத்தில் ராக்காயி என்ற பால்வெட்டுக்காரி இறந்தபோதும் அப்படித்தான் கேட்டார். சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்பு அது. ராக்காயியின் தங்கை மருதம்மாள், "ஒல கொதிக்குதான்னு பாக்குற மாதிரியே எல்லாத்தையும் பாப்பா" என்றாள். புருஷன் பழனியாண்டி கொஞ்சம் யோசித்து, "கோவம் வந்தா எடது கண்ணு லேசா சின்னதாயிரும்" என்றார். "எப்பவும் கோவந்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் படம் தாளில் ஏறவே இல்லை. ஜப்பான்காரன் வந்துவிட்டான், போட்டோத் தாள் வருவது நின்றுவிட்டது. படம் பதிந்த கண்ணாடித் தகட்டில் ராக்காயி கண்ணை மூடியபடி காத்திருந்தாள். "தாள் வந்ததும் தர்றேன் அண்ணே" என்று சொல்லி அனுப்பியிருந்தார் ஜெரார்ட். மற்ற போட்டோக் கடைக்காரர்கள் தங்களிடம் இருந்த பழைய தகடுகளைக் கழுவி ஜன்னலுக்குப் போட்டுக்கொண்டார்கள். இவர் மட்டும் கழுவவில்லை. கண் எழுதாமல் ஒருவரைக் கழுவிவிட இவருக்குக் கை வரவில்லை.

தாள் இல்லாத போட்டோக் கடைக்காரனைச் சும்மா விட்டுவைக்க அது காலமில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டங்களில் கங்காணிகள் பெயர் கொடுத்தார்கள். ஊரில் வேலையில்லாமல் நிற்கிறவன் பெயரைத் தெருவே கொடுத்தது. போனவர்கள் யாரும் திரும்பியதாகச் செய்தி இல்லை. அப்போதுதான் தர்மலிங்கம் ஒரு வழி கண்டுபிடித்தார்.

தர்மலிங்கத்தின் கொட்டகையில் சண்டைக்கு முன் வந்த பழைய தமிழ்ப் படங்கள்தான் சுற்றிச் சுற்றி ஓடின. வெட்டியும் ஒட்டியும் கதாநாயகன் ஒரு வசனத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பான், மறு வார்த்தையில் குதிரைமேல் இருப்பான். யாரும் குறை சொன்னதில்லை. டிக்கெட்டுக்கு முட்டை கொடுத்தவர்கள் உண்டு, மரவள்ளிக்கிழங்கு கொடுத்தவர்கள் உண்டு. அந்தப் பட்டினிக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முகத்தில் ஏன் அப்படி ஒரு வெளிச்சம் வரும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சோறு இல்லாததைச் சொல்லிக்கொண்டே வருவார்கள், கொட்டகைப் பக்கம் வந்ததும் பாட ஆரம்பித்துவிடுவார்கள்.

தர்மலிங்கம் "நிழல் மஞ்சரி" என்று ஒரு சினிமாப் பத்திரிகையும் நடத்தினார். மெலிந்த பத்திரிகை. படக்கதை, பாட்டு வரிகள், கட்டாயத்துக்கு ஒரு பக்கம் ஜப்பானியப் பாடம். அடுத்து ஓடவிருந்தது "பாழ்மனை மோகினி" என்ற பேய்ப் படம். அதில் ஒரு சிக்கல். மோகினி முகம் காட்டும் ரீல் முந்தின ஊரிலேயே எரிந்துபோயிருந்தது. படம் முழுக்க ஆட்கள் பேயைக் கண்டு அலறி ஓடுவார்கள். பேய் மட்டும் வராது.

"அதனால பேயி அட்டையிலதான் வரணும்" என்றார் தர்மலிங்கம். "மஞ்சரி அட்டையப் பாத்து ஜனம் பயந்து போய்க் கொட்டகைக்குள்ள வரணும். நீங்க வரையிறீங்க. உங்களுக்கு சூராட் வாங்கித் தர்றேன். ஒவ்வொரு இதழ் வர்றப்பவும் புதுப்பிச்சுக்கலாம்."

"எனக்குப் பேயி வரையத் தெரியாதே."

"சயாமுக்குப் போகத் தெரியுமா?"

ஜெரார்ட் வரைய உட்கார்ந்தார். அட்டைப் படத்துக்கு அச்சு பிளாக் செய்ய வசதியில்லை. எங்கோ ஒரு தோட்டத்தில் துரை போட்டுவிட்டு ஓடிய பங்களாவிலிருந்து, தரையில் விரித்திருந்த லினோலியத்தை தர்மலிங்கம் வெட்டி எடுத்து வந்தார். குடைக்கம்பியைத் தீட்டி அதில்தான் செதுக்க வேண்டும். மை, விளக்குக் கரியில் எண்ணெய் குழைத்தது. இதெல்லாம் கிடைத்துவிட்டது. பேய்தான் கிடைக்கவில்லை. முன்னால் ஒரு முகம் இல்லாமல் ஜெரார்டுக்கு வரைய வராது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பெண் உருவம் கோயிலில் தினம் பார்ப்பது.

முதல் படத்தைத் தர்மலிங்கம் பார்த்தார். "ஐயா, பேயக் கேட்டா மாதாவக் குடுக்குறீங்க. இதப் பாத்தா எனக்கே முட்டி போடத் தோணுது."

இரண்டாவது படத்தை அகத்தா பார்த்தாள். "இது எங்கம்மா லா" என்றாள். அதோடு அது அடுப்புக்குப் போயிற்று.

பிரசார அலுவலகத்துக்கு அட்டையைக் காட்ட வேண்டிய நாள் வந்துகொண்டிருந்தது. ஜெரார்ட் கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ராக்காயி வந்தாள். மோவாயில் மூன்று பச்சைப் பொட்டு, நீண்டு தொங்கும் காது, மூடிய கண். அவருக்கு அது பாதி முடிந்த வேலையாகத்தான் எப்போதும் தெரிந்திருந்தது. அன்றைக்கு முதல்முறையாக அதைப் பேய்க்குப் பயந்தவன் கண்ணால் பார்த்தார். கை செபமாலையைத் தேடியது. பாலத்துத் தோட்டம் ஊரிலிருந்து வெகுதூரம். அங்கே யார் சினிமாப் பத்திரிகை வாங்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். குடைக்கம்பியை எடுத்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை முகம், விரிந்த கூந்தல், இமை இருந்த இடத்தில் மெல்லிய கோடு.

தர்மலிங்கம் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார். "இதுதான்யா பேயி."

அலுவலகம் அதை ஏற்றது. ஒவ்வொரு பிரதியின் அட்டையிலும் மூலையில் சிவப்பு முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்த படத்தில் ஒரு கோடு கூட்டினாலும் குற்றம் என்பது விதி. ஜெரார்டின் சூராட்டிலும் முத்திரை விழுந்தது.

தோட்டத்து ஜனத்தையும் இழுக்க வேண்டுமென்று தர்மலிங்கம் ஒரு கட்டு மஞ்சரியை கோத்தா கோலா மூடாவிலிருந்து வரும் கருவாட்டு வியாபாரியிடம் கொடுத்து, போகிற வழியில் இருக்கும் தோட்டங்களில் விநியோகிக்கச் சொன்னார். வியாபாரி நாணயமானவர், விநியோகித்தார். உள்ளே கருவாடு வைத்து விநியோகித்தார். பாலத்துத் தோட்டத்தில் மருதம்மாள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தபோது, சூடைக் கருவாட்டுக்கு அடியிலிருந்து அவளுடைய அக்கா வெளிப்பட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். மருதம்மாள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, கீழே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். படத்தின் பெயரும் கொட்டகையின் பெயரும் போட்டிருந்தன. லயத்து வீடுகளுக்குள் செய்தி பரவியது: ராக்காயி படத்தில் நடித்திருக்கிறாள். எப்போது நடித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் ஒருமுறை புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பினாங்குக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தவள். அப்போதாக இருக்கும் என்று முடிவாயிற்று.

பாதித் தூரம் மாட்டுவண்டியிலும் மீதி ரயிலிலுமாக ஒரு கூட்டம் அலோர் ஸ்டார் வந்து சேர்ந்தது. ஆளுக்கொரு அட்டை கையில். பகல் காட்சிக்கு முன்வரிசை முழுக்க அவர்களே. திரையில் கதாநாயகி அலறும்போது இவர்கள் கழுத்தை நீட்டி, "இப்ப வருவா, இப்ப வருவா" என்றார்கள். வேலைக்காரன் மயங்கி விழுந்தபோது, "அவளப் பாத்துத்தான் விழுறான்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். ஒரு பேய்ப் படத்தை அத்தனை ஆவலோடு, அத்தனை பாசத்தோடு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். படம் முடிந்து சுபம் விழுந்தது. முன்வரிசை எழவில்லை.

"படம் முடிஞ்சிருச்சும்மா" என்றார் தர்மலிங்கம்.

"முடியட்டும். எங்கக்கா இன்னும் வரலியே" என்றாள் மருதம்மாள்.

"யாரு உங்கக்கா?"

அவள் அட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். கருவாட்டு வாடை முதலில் வந்தது. "இது. மோவாயில மூணு பொட்டு பாருங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் குத்திக்கிட்டோம்." தன் மோவாயையும் தூக்கிக் காட்டினாள்.

"அது பேயி, அம்மா."

"யாரப் பாத்துப் பேயிங்கிற?"

தர்மலிங்கம் இரண்டடி பின்வாங்கினார். "பேயி வர்ற ரீலு எரிஞ்சு போச்சும்மா. இங்க வர்றதுக்கு முந்தியே."

மருதம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அதுலதான் இருந்திருக்கா. நம்ம வர்றதுக்குள்ள எரிச்சுட்டானுங்க."

ஜெரார்ட் அப்போது கொட்டகை வாசலில் விளம்பரப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த கூட்டத்தில் பழனியாண்டியை அடையாளம் தெரிந்தது. "பாழ்மனை மோகினி" ஓடிய நாட்களில் அந்தக் கொட்டகையில் உண்மையாகவே நடுங்கிய ஒரே ஆள், பொதுமக்கள் மனத்தில் அச்சத்தை உண்டாக்கும் ஆற்றல் உடையவர்தான். ஓடிவிடலாமா என்று பார்த்தார். தேநீர்க் கடைக்காரர் பெஞ்சு வழியை மறித்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பழனியாண்டியின் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, படத்துல அவங்க இல்ல. ரீலுலயும் இல்ல. நாந்தான் தகட்டப் பாத்து அட்டையில போட்டேன். கேட்டிருக்கணும். கேக்கல."

பழனியாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க போட்டோக் கடை அண்ணன் இல்ல?"

"ஆமா."

"தாளு வந்ததும் தர்றேன்னீங்க."

"தாளு வரலண்ணே."

"அது தெரியும். அரிசியே வரல." அட்டையை மடியிலிருந்து எடுத்துப் பிரித்தார். "அவளேதான். மூக்கு, காது எல்லாம் அப்படியே விழுந்திருக்கு. கண்ணத்தான் மூடி வச்சுட்டீங்க." மூடிய இமையை விரலால் தொட்டுக் காட்டினார். "கங்காணி என் பேரக் குடுத்துட்டாரு. திங்கக்கிழமை சயாமுக்கு ஏத்துறாங்க. இத மடிச்சு இடுப்புல வச்சுக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன். கண்ண மூடிக்கிட்டு இருக்கிறவள எப்படிக் கூட்டிக்கிட்டுப் போறது? தெறந்து குடுங்க."

தர்மலிங்கம் ஜெரார்டின் கையைப் பிடித்துப் பலகைக்குப் பின்னால் இழுத்தார். "முத்திரையப் பாத்தீங்களா? அதுமேல கோடு போட்டா உங்க சூராட் போச்சு. சூராட் போச்சுன்னா அவரு ஏறுற வண்டியிலேயே நீங்களும் ஏறலாம். பேசாம உள்ள போங்க. நான் ஏதாச்சும் சொல்லி அனுப்பிச்சுர்றேன்."

ஜெரார்ட் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காகிதம் இருந்தது. தனக்கு விலக்குக் கிடைத்தால் அந்த இடத்தில் இன்னொருவர் ஏறுவார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த இன்னொருவருக்கு அதுவரை முகம் இருந்ததில்லை. இப்போது அது பலகைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது, வெயிலில், வரிசையில் நிற்பவரைப் போலப் பொறுமையாக.

"மை இருக்கா?" என்று தர்மலிங்கத்தைக் கேட்டார்.

தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, அட்டையை முழங்கால்மேல் பலகை வைத்து விரித்தார். வெள்ளையாக இருந்த இமைமேல் வலது கண்ணை முதலில் எழுதினார். பிறகு இடது கண். அதை ஒரு நூல் சின்னதாக எழுதினார். பேயின் முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உலை கொதிக்காததற்குக் காரணம் கேட்கும் ஒரு பால்வெட்டுக்காரி, கூந்தலை முடியக்கூட நேரமில்லாமல் அட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழனியாண்டி வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"திட்டுறா" என்றார்.

மருதம்மாள் தன் அட்டையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். தர்மலிங்கம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு யாராவது கேட்டால் தான் எதிர்த்ததாகச் சொல்ல வேண்டுமே; அதனால் மை தீரும்வரை எதிர்த்துக்கொண்டே இருந்தார்.

கண் திறந்த அட்டை ஒன்று எப்படியோ அலுவலகத்துக்குப் போய்விட்டது. இந்தமுறை அதில் கருவாடு இல்லை. அதிகாரி ஜெரார்டின் சூராட்டை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லையாம். அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் மாமியார்" என்று மட்டும் சொன்னாராம். இது தர்மலிங்கம் சொன்னது, நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். சூராட் திரும்பி வரவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஜெரார்டின் பெயர் பட்டியலில் ஏறியது.

அகத்தா துணி மூட்டை கட்டிக் கொடுத்தாள். "அங்க செத்தா உங்களுக்குக் கண்ணெழுத ஆளில்ல. அதனால செத்துக்கித்து வைக்காதீங்க" என்றாள். மூட்டையில் ஒரு மெழுகுவத்தியும் வைத்தாள், இருட்டுக்கு.

மூட்டை வாசலிலேயே இருந்தது. கூப்பிட ஆள் வருமுன் ரயில் பாதை வேலை ஒரு வழியாக முடிந்தது. அதே சமயம் ஜப்பான்காரன் கெடாவைச் சயாமியர் கையில் கொடுத்துவிட்டான். பழைய பட்டியல்களைப் படிக்க யாரும் உட்காரவில்லை. சயாமுக்குப் போகப் பயந்த மனிதரைத் தேடிச் சயாமே அலோர் ஸ்டாருக்கு வந்தது. வந்து அவரை ஒன்றும் செய்யவில்லை.

பழனியாண்டி திரும்பி வரவில்லை.

சண்டை ஓய்ந்து போட்டோத் தாள் மீண்டும் வந்தபோது ஜெரார்ட் முதலில் அந்தத் தகட்டைத்தான் தாளில் போட்டார். நாற்காலியில், அவர் கண் எழுதிய ராக்காயி, பக்கத்தில் மருதம்மாள், பின்னால் பழனியாண்டி, யாரும் எழுதாத தன் சொந்தக் கண்ணால் நேரே பார்த்துக்கொண்டு. பாலத்துத் தோட்டத்துக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். மருதம்மாள் வாங்கி, பழனியாண்டியின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, மாமனுக்காக அதைச் சுவரில் மாட்டினாள். அக்காவுக்கு அவள் வைத்திருந்தது கருவாட்டு எண்ணெய் ஊறிய மஞ்சரி அட்டை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அங்கிருந்து பொழுது சாய்வதற்குள் புறப்பட வேண்டுமென்று ஜெரார்ட் தேநீரைக்கூடச் சூடாகவே குடித்தாராம்.

அவருக்குப் பிற்காலத்தில் பெரிய பெயர் ஒன்றும் இல்லை. ஊரில் சிலர் அவரை ஜப்பானிடம் வேலை பார்த்தவர் என்றார்கள், சிலர் பேய் வரைந்தவர் என்றார்கள். தர்மலிங்கத்தின் பெட்டியில் கிடந்த நகலும் அதைத்தான் சொன்னது. அவர் பேய் வரையவில்லை. கொட்டகை வாசலில், பகல் வெளிச்சத்தில், முத்திரை விழுந்த அட்டையில், கேட்டவர்களுக்கெல்லாம் ராக்காயியின் கண்ணைத் திறந்து கொடுத்தார்.